பாலுசுவாமி தீட்சிதர்: கோட்டை வாத்தியக் குழுவிலிருந்து தமிழிசை அரங்கிற்கு வந்த வயலின்

முன்னுரை

இத்தாலிய இசையறிஞர் அந்தோனியோ விவால்டி (1678–1741) இயற்றிய கான்செர்ட்டோக்களுள் தனிவயலினுக்கும் ஊதுகருவிகளுக்கும் உரியவை ஒரு தனி வகையாகும். அவருடைய படைப்புகளின் அட்டவணையில் 569 என எண்ணிடப்பட்ட கான்செர்ட்டோவில் ஒரு தனிவயலினும், இரண்டு ஓபோக்களும், இரண்டு கொம்புகளும், ஒரு பாசூனும், இவற்றைச் சூழ்ந்த நரம்புக்கருவிக் குழுவும் இடம்பெறுகின்றன. குழு முழுவதும் ஒரு பகுதியை முழங்கி ஓயும். அதன்பின் வயலின் தனித்து எழும். மீண்டும் குழு முழங்கும். குழலும் கொம்பும் எழுப்பும் பேரொலிக்கு எதிரே ஒற்றை வயலின் தன் திறத்தால் நிற்பதே இவ்வடிவத்தின் உயிர்.

விவால்டியின் காலத்திற்குப்பின் அதே வயலின் சென்னைக் கடற்கரையில் ஒரு தமிழக இளைஞரின் கைக்கு வந்தது. அவர் திருவாரூரில் பிறந்த பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786). அவருடைய கையில் அக்கருவி குழலுக்கும் கொம்புக்கும் எதிரே நிற்கவில்லை; மனிதக் குரலின் அருகே அமர்ந்தது. ஐரோப்பாவில் தனித்து நின்ற கருவி தமிழகத்தில் பக்கவாத்தியமாயிற்று. இம்மாற்றம் நிகழ்ந்த சூழலை அவருடைய வாழ்க்கையின் வழியே காண்பதும், வயலினை முதலில் கொணர்ந்தவர் அவரே என்னும் வழக்கின் வலிமையை அளந்தறிவதும் இங்கு மேற்கொள்ளப்படுகின்றன.

ஊதுகருவிகளின் ஊர்

பாலுசுவாமியின் தந்தை இராமசுவாமி தீட்சிதர் (1735–1817), வேங்கடமகியின் வழிவந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் இசையிலக்கணம் பயின்றவர். அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் எனவும், 108 இராகங்களும் தாளங்களும் அமைந்த இராகதாளமாலிகையை இயற்றியவர் எனவும் அறியப்படுபவர். திருவாரூரில் குடியமர்ந்த அவர் தியாகராசர் கோயிலின் வழிபாட்டு இசையை முறைப்படுத்தினார். எந்த வேளையில், எந்தத் திருவிழாவில், வீதியுலாவின் எந்த இடத்தில் எந்த இராகத்தை நாகசுரத்தில் வாசித்தல் வேண்டும் என்னும் ஒழுங்கு அவர் வகுத்ததாக மரபு கூறுகிறது.

திருவாரூர்க் கோயிலின் இசை பெரிதும் ஊதுகருவிகளையும் தோற்கருவிகளையும் சார்ந்தது. பாரி நாயனம், முகவீணை, பஞ்சமுக வாத்தியம், சுத்த மத்தளம் ஆகியன அக்கோயிலின் அடையாளங்கள். அவற்றை வாசித்தோர் இசை வேளாளர். தீட்சிதர் குடும்பத்தார் வாய்ப்பாட்டும் வீணையும் வல்லவர்கள். ஊதுகருவி வெளியரங்கிற்கும் வீதியுலாவிற்கும் உரியது; வீணை அகத்திற்கும் அவைக்கும் உரியது. கருவிகளின் இந்த இடவரையறையோடு சமூக வரையறையும் பிணைந்திருந்தது. எனினும் கோயில் நாகசுரத்திற்கு இராக ஒழுங்கு வகுத்தவர் வீணை மரபைச் சார்ந்தவர் என்பது இருவேறு மரபினரிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலைக் காட்டுகிறது.

இத்தகைய வீட்டில் முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் மூன்று ஆண்மக்களும் பாலாம்பாள் என்னும் மகளும் பிறந்தனர். பாலுசுவாமி ஆண்மக்களுள் இளையவர். தமையன் முத்துசுவாமி தீட்சிதரின் பெரும்புகழ் இளையவரின் வரலாற்றை மறைத்துவிட்டது என்பது மிகையாகாது.

புதுச்சேரியின் வீழ்ச்சியும் மணலியின் வளமும்

பாலுசுவாமி சிறுவராயிருந்தபோதே அக்குடும்பம் திருவாரூரை விட்டுச் சென்னைக்கு வடக்கேயுள்ள மணலிக்குப் பெயர்ந்தது. அதற்குக் காரணமானவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அவர் சென்னை ஆளுநர் பிகட்டின் துபாஷாக விளங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். இச்செல்வம் தோன்றிய அரசியற் சூழலில் புதுச்சேரிக்கும் பங்குண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோழமண்டலக் கடற்கரையின் முதன்மையான ஐரோப்பிய ஆற்றலாக விளங்கியது புதுச்சேரிப் பிரெஞ்சு ஆட்சி. அங்கே டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புலவர்களையும் கலைஞர்களையும் புரந்தார். ஆனந்தரங்கன் கோவையும் ஆனந்தரங்க சம்புவும் அப்புரத்தலின் பயன்கள். 1761 ஜனவரியில் பிள்ளை மறைந்த சில நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அந்நகரைக் கும்பினியின் உடைமையாகக் கோரி, அதன் கோட்டையையும் கட்டடங்களையும் இடிக்கச் செய்தவர் அப்போது சென்னை ஆளுநராயிருந்த பிகட்டே. நகரம் 1765இல் பிரெஞ்சுக்காரரிடம் மீண்டதெனினும் பழைய ஆற்றல் மீளவில்லை. துபாஷ்களின் செல்வமும், அச்செல்வம் வளர்த்த புரவலர் மரபும் புனித ஜார்ஜ் கோட்டையைச் சுற்றிக் குவியத் தொடங்கின.

ஆகவே மணலி முதலியார் குடும்பம் தீட்சிதர்களை ஆதரித்தது தனிமனிதக் கொடை மட்டுமன்று. மன்னர் அவையும் கோயிலும் புரந்துவந்த இசை, வணிகக் கும்பினியின் இடைத்தரகர்களது புரத்தலுக்கு மாறிய வரலாற்றின் ஒரு கூறு அது. ஆனந்தரங்கரின் புதுச்சேரியில் தொடங்கிய துபாஷ் புரத்தல் மணலியில் தொடர்ந்தது எனலாம். முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப்பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ணர் என்னும் சின்னைய முதலியார் அப்பணியைத் தொடர்ந்தார்.

கோட்டை வாத்தியக் குழுவும் பெயரறியா ஆசிரியரும்

சின்னைய முதலியார் தீட்சித சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் செல்வது வழக்கமாயிருந்தது. அங்கே அவர்கள் கேட்டது படைப்பிரிவின் வாத்தியக் குழு. குழலும், கொம்பும், எக்காளமும், முரசும் கொண்ட அக்குழு அணிவகுப்பிலும் விருந்திலும் ஐரோப்பிய நாட்டுப் பாடல்களையும் நடன மெட்டுகளையும் வாசித்தது. விருந்துகளிலும் நடனங்களிலும் வயலினும் ஒலித்தது. திருவாரூர் வீதியுலாவின் நாயன ஒலியில் வளர்ந்த செவிகளுக்கு ஊதுகருவிக் குழு என்பது புதிதன்று. புதிதாயிருந்தது அதன் நடுவே வில்லால் இழுத்து இசைக்கப்பட்ட அந்தச் சிறு கருவியே.

இளைஞர் பாலுசுவாமிக்கு அக்கருவியின்மீது எழுந்த ஈடுபாட்டைக் கண்ட முதலியார், ஐரோப்பியர் ஒருவரை ஊதியத்திற்கு அமர்த்தி மூன்றாண்டுகள் வயலின் கற்பிக்கச் செய்தார். பாலுசுவாமி வீணையிலும், சுரபத்திலும், மிருதங்கத்திலும் முன்பே பயிற்சி பெற்றிருந்தார். புதிய கருவியின் வில்வீச்சையும் விரலமைப்பையும் ஐரோப்பிய முறையில் கற்று, பின்னர் அதில் தம் மரபிசையை வாசித்துப் பார்த்தார்.

அவ்வாசிரியரின் பெயரைக் குடும்ப வரலாறு குறிப்பிடவில்லை. குருவின் பெயரைச் சொல்லாமல் கலைஞனின் வரலாற்றைத் தொடங்காத மரபில் இவ்விடுபடல் கருதத்தக்கது. அந்த ஐரோப்பியர் கூலிக்குக் கற்பித்த தொழில்நுட்ப ஆசிரியராகக் கருதப்பட்டாரேயன்றிக் குருவாகக் கருதப்படவில்லை. கைத்திறன் அவரிடமிருந்து வந்தது; இசை தந்தையிடமிருந்தும் தமையனிடமிருந்தும் வந்தது. கருவியை ஏற்று அதன் இசையை ஏற்காத இந்நிலையே பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் வித்தாகும்.

நோட்டுசுரங்கள்

கோட்டை இசையின் மற்றொரு விளைவு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுர சாகித்தியங்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்த இப்பாடல்கள் ஏறத்தாழ நாற்பது. இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ இவற்றுள் பலரும் அறிந்தது. அ. மு. சின்னசாமி முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றுட் பலவற்றை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் பதிப்பித்தார்.

நோட்டுசுரங்கள் அனைத்தும் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை, கமகமற்றவை. இவ்வொருமைக்குக் கருவியியல் சார்ந்த காரணமும் உண்டு. அக்காலக் கொம்புக்கும் எக்காளத்திற்கும் அடைப்பிதழ்கள் இல்லை. அவை 1810களில்தான் தோன்றின. குழாயின் இயல்பான மேற்சுரங்களை மட்டுமே அவற்றில் எழுப்ப இயலும். அச்சுரங்கள் சங்கராபரணத்திற்கு இணையான மேலைப் பேரளவைச் சார்ந்தே அமையும். ஆகவே பித்தளைக் கருவிகள் சேர்ந்து முழங்கும் மெட்டுகள் பெரும்பாலும் அவ்வளவைக்குள்ளேயே நின்றன. விவால்டியின் கான்செர்ட்டோவிலும் கொம்புகள் சில சுரங்களையே முழங்க, எல்லாச் சுரங்களிலும் உலவும் உரிமை வயலினுக்கே இருந்தது.

தமையன் அக்குழுவின் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். இளையவர் அக்குழுவின் எல்லைக்கு உட்படாத கருவியை எடுத்துக்கொண்டார். நோட்டுசுரங்கள் தீட்சிதர் படைப்புகளில் ஓர் ஓரத்தில் தனித்து நின்றன. வயலினோ சில தலைமுறைகளுக்குள் கருநாடக இசை முழுவதிலும் ஊடுருவியது. கடன் பெற்ற மெட்டைவிடக் கடன் பெற்ற கருவியே நிலைபெற்றது.

கருவி பெற்ற புதுப்பிறப்பு

வயலின் கருநாடக இசைக்கு எளிதாக இயைந்ததற்கு அதன் அமைப்பே காரணம். வீணையில் மெட்டுகள் உண்டு. வயலினின் விரற்பலகையில் மெட்டுகள் இல்லை. ஆகவே ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லவும், கமகத்தின் நுண்ணசைவுகளைக் காட்டவும் அதில் இயலும். வீணையின் மீட்டொலி எழுந்தவுடன் தேயும். வில்லின் ஒலி வில் செல்லுமளவும் நீளும். எனவே அது மூச்சின் நீளமுடைய குரலுக்கு நெருக்கமானது.

இவ்வியல்புகளைப் பயன்கொள்ள, கருவியைப் பிடிக்கும் முறையும் சுருதி கூட்டும் முறையும் மாற வேண்டியிருந்தன. ஐரோப்பியர் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ கருவியை மோவாயின்கீழ் தாங்கி வாசித்தனர். தமிழக வாசிப்பாளர் தரையில் அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் கால் மடம்பிலும் ஊன்றினர். கருவியின் எடையைத் தாங்கும் பொறுப்பிலிருந்து இடக்கை விடுபட்டுக் கமகத்திற்கு உரியதாயிற்று. ஐரோப்பிய முறையில் நான்கு தந்திகளும் ஐந்தாஞ்சுர இடைவெளியில் தொடர்ந்து உயர்வன. இங்கே அவை சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் எனப் பாடகரின் ஆதார சுருதியைச் சார்ந்து அமைந்தன. இம்மாற்றங்கள் ஒருவர் ஒரு நாளில் செய்தவையல்ல. பாலுசுவாமியின் தலைமுறையிலும் அடுத்த தலைமுறைகளிலும் படிப்படியாக உருப்பெற்றவை. அவற்றின் தொடக்கப்புள்ளியாக, ஐரோப்பிய முறையில் முறையாகப் பயின்று மரபிசைக்குத் திரும்பியவர் என்னும் நிலையில் பாலுசுவாமி நிற்கிறார்.

முதன்மை பற்றிய வழக்கு

வயலினை முதலில் கொணர்ந்தவர் யார் என்னும் வினாவிற்கு மூன்று பெயர்கள் கூறப்படுகின்றன: பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு (1810–1847), தஞ்சை அரசவை அலுவலர் வராகப்பையர்.

வடிவேலு செர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்ஸிடம் வயலின் கற்றார் என்றொரு செய்தி வழங்குகிறது. சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தார். வடிவேலு பிறந்தது 1810. ஆகவே அச்செய்தி ஏற்கத்தக்கதன்று. ஆனால் வடிவேலுவின் வயலின் புலமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) மேலைநாட்டு வாத்தியக் குழுவொன்றை அரண்மனையில் அமைத்திருந்தார். சென்னைக் கோட்டையைப் போன்றே தஞ்சையும் மேலையிசை கேட்கும் வாய்ப்பளித்த இடமாக இருந்தது. வராகப்பையரின் பெயர் இச்சூழலில்தான் எழுகிறது.

பாலுசுவாமி வடிவேலுவைவிட இருபத்துநான்கு ஆண்டுகள் மூத்தவர். மணலிப் பயிற்சி அவருடைய இளமையில் நிகழ்ந்தது என்பதால் காலத்தால் அவருக்கு முன்னுரிமை உண்டு. எனினும் இம்முடிவு பெரிதும் ஒரே சான்றைச் சார்ந்தது என்பதை மறத்தலாகாது. அச்சான்று அவருடைய பெயரரும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் 1904இல் பதிப்பித்த ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யின் வாக்கேயகாரர் வரலாற்றுப் பகுதி. பாலுசுவாமியுடன் வாழ்ந்து அவரிடம் கற்றவர் எழுதியது என்பது அதன் வலிமை. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப்பின், குடும்பப் பெருமையைப் பேணும் நோக்கும் கலந்து எழுதப்பட்டது என்பது அதன் வரம்பு.

தஞ்சை நால்வர் முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. பாலுசுவாமி, வடிவேலு ஆகிய இருவரையும் போட்டியாளராக நிறுத்தும் வழக்கம் பிற்காலத்தது. தீட்சிதர் இல்லமும் இசை வேளாளர் இல்லமும் குரு–மாணாக்கர் உறவால் இணைந்திருந்தன. வயலின் அவ்வுறவின் வட்டத்திற்குள்ளேயே வளர்ந்தது. முதல்வர் ஒருவரே என வரையறுப்பின், அம்முதன்மையால் மறுதரப்பின் பங்கு மறைந்துபோகும். சென்னையில் பாலுசுவாமியும், தஞ்சையிலும் திருவனந்தபுரத்திலும் வடிவேலுவும் என வயலின் இருவழிகளில் வேரூன்றியது என்பதே சான்றுகளுக்கு இயைந்த முடிவு.

மதுரையும் எட்டயபுரமும்

சின்னசுவாமியும் பாலுசுவாமியும் இணைந்தே பல இடங்களுக்குச் சென்று இசை நிகழ்த்தினர். கண்பார்வை இழந்து, தந்தை திருவேங்கடமுடையானைப் பாடிய பின்னர் அதனை மீளப் பெற்றதாகக் கூறப்படும் சின்னசுவாமி, இளையவருக்கு உடன்பிறந்தாராக மட்டுமன்றி அரங்கத் துணையாகவும் இருந்தார். முத்துசுவாமி தலந்தோறும் சென்று வழிபட்டுப் பாடி வாழ்ந்தமையால், இளையவர் இருவரின் வாழ்வும் ஒன்றோடொன்று பின்னியதாயிற்று. 1817இல் தந்தை மறைந்தார். 1823இல் சின்னசுவாமி மதுரையில் மறைந்தார்.

குரலுக்கு அருகே அமர்ந்து வாசிப்பதே தம் கருவியின் இடமென்று வகுத்துக்கொண்டவருக்கு அக்குரல் அடங்கியது பேரிழப்பாகும். தனித்துவிடப்பட்ட பாலுசுவாமி இராமேசுவரம் சென்று வழிபட்டு, 1824 அளவில் எட்டயபுரத்தை அடைந்தார். எட்டப்ப மன்னர் அவர் திறத்தைக் கண்டு அவைக்கலைஞராக ஏற்றார். சென்னைக் கோட்டையிலிருந்தும் காவிரிப் படுகையிலிருந்தும் விலகிய கரிசல் நிலத்தின் சமீன் அவையில் வயலினுக்கு நிலையான ஓரிடம் கிடைத்தது.

இளையவரைத் தேடிச் சென்ற முத்துசுவாமி, அவர் எட்டயபுரத்தில் இருப்பதை அறிந்து அங்கே வந்து சேர்ந்தார். சகோதரர் இருவரும் மன்னரின் ஆதரவில் மீண்டும் ஒன்றுகூடினர். 1835 தீபாவளி நாளில் முத்துசுவாமி அங்கேயே மறைந்தார். தந்தை, தமையர் இருவர் என அடுத்தடுத்து இழந்த பாலுசுவாமியே அக்குடும்பத்தின் இசைக்கு எஞ்சிய காப்பாளர் ஆனார். அரச குடும்பத்தைச் சார்ந்த குமார எட்டேந்திரரின் பாடல்களுக்கு இசையமைத்ததும், அவையில் பலருக்குக் கற்பித்ததும் அவருடைய பிற்காலப் பணிகள்.

மரபைக் காத்த கை

பாலுசுவாமியின் மகள் அன்னபூரணிக்கு 1839இல் பிறந்தவர் சுப்பராமர். ஆண்வழி மரபு நின்றுவிடும் நிலையில், சிறுவராயிருந்த பெயரனைப் பாலுசுவாமி சுவீகாரம் ஏற்றுத் தீட்சிதர் மரபுக்கு உரியவராக்கினார். வடமொழியும் தெலுங்கும் இசையும் கற்பித்தார். தமையனின் கிருதிகளை ஒன்றொன்றாகப் பாடம் சொன்னார். 1850களின் இறுதியில் பாலுசுவாமி மறைந்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, எட்டயபுரம் சமீனின் பொருளுதவியாலும் சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் சுப்பராம தீட்சிதர் அப்பாடங்களைச் சுரதாளக் குறிப்போடு தெலுங்கு எழுத்தில் அச்சேற்றினார். முத்துசுவாமியின் இருநூற்றுக்கு மேற்பட்ட கிருதிகள் கமகக் குறியீடுகளோடு அந்நூலில் நிலைபெற்றன. தீட்சிதர் கிருதிகளுக்கு இன்றும் முதன்மைச் சான்றாக விளங்கும் அந்நூலின் பின்னே, எழுதியவரின் கைக்கு முன்னதாகக் கற்பித்தவரின் கை இருக்கிறது. அக்கை பாலுசுவாமியுடையது.

முடிவுரை

பாலுசுவாமி தீட்சிதரின் வாழ்க்கையிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, வயலினின் வருகை ஓர் இசைக்கலைஞரின் தனி ஆர்வத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. புதுச்சேரியின் வீழ்ச்சிக்குப்பின் சென்னையில் குவிந்த துபாஷ் செல்வமும், கோட்டை வாத்தியக் குழுவும், திருவாரூரில் பெற்ற இசைப்பயிற்சியும் ஒருங்கே கூடியதன் விளைவு அது. இரண்டாவதாக, அவருடைய முதன்மை காலத்தால் ஏற்கத்தக்கதாயினும் தனியுரிமையன்று. வடிவேலுவின் பங்கும், பெயர் பதிவாகாத ஐரோப்பிய ஆசிரியரின் பங்கும் அதனுடன் சேர்த்தெண்ணப்பட வேண்டும். மூன்றாவதாக, ஒரு கருவி நாடு விட்டு நாடு வரும்போது அதன் இசையும் உடன் வரவேண்டும் என்னும் இன்றியமையாமை இல்லை. விவால்டியின் கான்செர்ட்டோவில் ஊதுகருவிகளை எதிர்த்து நின்ற வயலின், மணலியிலும் எட்டயபுரத்திலும் குரலின் நிழலாய் ஒலித்தது.

நிழலென்பது தாழ்வைக் குறிப்பதன்று. பாலுசுவாமியும் வாழ்நாளெல்லாம் பிறர் குரலுக்கும் பிறர் படைப்புக்கும் துணைநின்றவர். தந்தையின் மாணவராக, சின்னசுவாமியின் அரங்கத் துணையாக, முத்துசுவாமியின் பாடல்களைக் காத்தவராக, சுப்பராமரின் ஆசிரியராக அவர் வாழ்ந்தார். அத்துணைநிலை இல்லாதிருப்பின் முத்துசுவாமி தீட்சிதரின் இசையும் இன்றுள்ள வடிவில் வந்து சேர்ந்திராது. தமிழிசை வரலாற்றில் பாடியோரும் இயற்றியோரும் பெற்ற இடத்தை, உடன் வாசித்தோர்க்கும் வழங்க வேண்டும் என்பதற்குப் பாலுசுவாமி தீட்சிதரின் வாழ்க்கை வலிய சான்றாகும்.